அசையாத அடுக்களை

மக்ரோனி வேகத் தண்ணீர் பிடித்த பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது நகராமல் இருக்க இரண்டு பக்கமும் கம்பி மாட்டலாம் என்று கை தேடியபோதுதான் தஸ்நேவிஸுக்குத் தான் வீட்டில் இருக்கிறோம் என்பது உறைத்தது. தூத்துக்குடியில், சொந்த வீட்டில், மாடிப்படி ஏறினால் இடது கைப்பக்கம் இருக்கும் அடுக்களையில், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு. இங்கே பானை எங்கும் ஓடாது. வைத்த இடத்தில் நிற்கும். இருபத்தேழு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமைத்த கைக்கு இது ஒரு ஏமாற்றம்போல இருந்தது, படியில் இன்னொரு படி இருக்கிறது என்று கால் வைத்து இல்லாமல் போவதுபோல. கப்பலில் எல்லாவற்றையும் கட்டித்தான் வைக்க வேண்டும், கத்தியை, தட்டை, முட்டையை, மனசையும் கொஞ்சம். இங்கே கட்ட ஒன்றுமில்லை, ஆனாலும் கால்கள் அகண்டேதான் நின்றன. நாலு மாசமாக அப்படித்தான் நிற்கிறார். வாசலில் நின்றாலும், கோவிலில் நின்றாலும், ஏதோ பெரிய அலை வரப்போகிற மாதிரி. எதுக்கு இப்படி நிக்கிய, தரை எங்க போயிரும், என்று மனைவி மெற்றில்டா ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு உண்மையான சிரிப்புத்தானா என்று இப்போது சந்தேகமாக இருந்தது, ஏனென்றால் புதன்கிழமைக்குப் பிறகு எல்லாமே சந்தேகமாக இருக்கிறது. சரி, புதன்கிழமையைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. இப்போது பேக்கன்.

பாக்கெட்டைப் பிரீசரிலிருந்து நேற்று ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கி, கீரைக்கட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயசில், சொந்தக் குளிர்பெட்டியில், சிகரெட் ஒளிக்கிற கல்லூரிப் பையனைப்போல. வெள்ளிக்கிழமை, கோல்டு ஸ்டோரேஜ் கடையில் கோழி வாங்கப் போனவர் கண்ணாடிக்குப் பின்னால் இதைப் பார்த்துவிட்டார். சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாய், புகை போட்டு உப்பேற்றிய பன்றி வயிற்று இறைச்சி. தெரிந்த முகத்தை அன்னிய ஊர்ச் சந்தையில் பார்த்ததுபோல இருந்தது, அல்லது அன்னிய ஊர் முகத்தைத் தெரிந்த சந்தையில். கடைக்காரர் இதை யாரும் கேட்பதில்லை என்றார், ஆனால் இரண்டு பாக்கெட் வரவழைத்து வைப்பாராம், யாராவது கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாதே என்று. தஸ்நேவிஸ் இரண்டையும் வாங்கிக்கொண்டார். மெற்றில்டா இப்போது ரெண்டாம் பூசையில் இருப்பாள், அது முடிந்து தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், அங்கே பேச்சு நீண்டால் பதினொன்று ஆகும். அவர் முதல் பூசைக்கே போய்விட்டு வந்தாயிற்று. பூசையில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, மக்ரோனிக்குச் சீஸ் போதுமா என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஆண்டவர் மன்னிப்பார். அவரும் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டவர்தானே, அடுப்படிக் கவலை அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

பேக்கனைக் காயாத சட்டியில்தான் போட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. சட்டியைக் காயவிட்டு மேலே போட்டால் சுருண்டு கருகிவிடும், கொழுப்பு உள்ளேயே நின்றுவிடும். குளிர்ந்த சட்டியில் அடுக்கி, தீயைச் சிறிதாக வைத்து, காத்திருக்க வேண்டும். கொழுப்பை அதட்டினால் கரியும், கெஞ்சினால் உருகும் என்று அவர் தனக்குக் கீழே வேலை பார்த்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், அரைகுறை இந்தியில், அரைகுறை இங்கிலீஷில். தமிழில் சொல்ல ஆள் கிடைத்ததில்லை. தமிழில் இது நன்றாக இருக்கிறதே. கெஞ்சினால் உருகும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரங்களில் கண்ணீர்போல ஒரு துளி, பிறகு ஒரு முணுமுணுப்பு, பிறகு சட்டி முழுக்க மழை பெய்யும் சத்தம். வாசனை எழுந்தது. உப்பு, புகை, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கருவாட்டின் தூரத்துச் சொந்தம். அந்த வாசனையில் ஒரு கப்பலே இருந்தது. மாத்தே என்கிற அந்தக் குரோஷியாக்காரச் சீப் இன்ஜினியர், எட்டு மாசம் ஒரே கப்பலில் இருந்தும் அவரிடம் குட்மார்னிங்கூடச் சொல்லாதவர், ஒருநாள் ஊரிலிருந்து ஏதோ கெட்ட செய்தி வந்து மூன்று நாள் சாப்பாட்டு மேஜைக்கே வரவில்லை. நாலாம் நாள் தஸ்நேவிஸ் இதே மக்ரோனியை, இதே பேக்கன் போட்டு, மேலே மொறுமொறுவென்று ஏடு கட்ட வைத்து, அவர் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் கழித்து அந்த மனுஷன் அடுப்படிக்கு வந்து, தன் தட்டைத் தானே கழுவி, துடைத்து, அடுக்கில் சொருகிவிட்டுப் போனார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அதைவிடப் பெரிய நன்றியைத் தஸ்நேவிஸ் பார்த்ததும் இல்லை. யார் யாருக்கோ செய்து போட்டிருக்கிறோம். கிரேக்கனுக்கு, பிலிப்பைன்ஸ்காரனுக்கு, ஒடிசாக்காரனுக்கு. மெற்றில்டாவுக்குச் செய்து போட்டது என்ன? தேத்தண்ணி. ஒரு தடவை முட்டைப் பொரியல், அவளுக்குக் காய்ச்சல் அடித்தபோது. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் ஒரு முட்டைப் பொரியல். அதையும் அவள், அம்மா செய்துகொடுத்த கஞ்சி போதும் என்று ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள்.

துண்டுகளைத் திருப்பிப் போட்டார். எத்தனை வருஷம் சேர்ந்து இருந்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தார். வருஷத்துக்கு ரெண்டு மாசம், சில வருஷம் மூன்று, எல்லாம் கூட்டினால் ஐந்தரை வருஷம் தேறும். அதனால் இந்தக் கல்யாணத்துக்கு வயசு இருபத்தாறு இல்லை, ஐந்தரை. ஐந்தரை வயசுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் இருக்கும், அம்மா கையை விட்டால் அழும். இதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து புதன்கிழமையும் வந்துவிட்டது. வராதே என்றால்தான் வரும் அது. புதன்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டே மணப்பாட்டில் இருக்கிற தங்கை ஜெசிந்தாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் உதவலாமே என்று படியேறிப் போனார், செருப்பில்லாமல் போனதால் சத்தம் கேட்கவில்லை. மூச்சு முட்டுதுடீ, என்று அவள் சொன்னாள், நாள் முழுக்க வீட்டுலயே இருக்காரு, எனக்கு மூச்சு முட்டுது. அவர் பாதிப் படியிலேயே திரும்பி இறங்கிவிட்டார். கீழே வந்து குழாயைத் திறந்து, கழுவ ஒன்றும் இல்லாததால் கையைக் கழுவினார். மூச்சு முட்டுது. என்ன ஒரு வார்த்தை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம், அவள் சாதாரணமாக, வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னாள். மறுநாள் காலையே பம்பாயிலிருந்து கம்பெனிக்காரர் போன். ஒரு நல்ல கப்பல், ஒன்பது மாசம், பழைய ஆட்கள்தான் வேண்டும் என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். போதும் என்று நாலு மாசத்துக்கு முன் இறங்கி வந்தவர், யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டே இருக்கிறார். யோசிப்பதற்குப் பதிலாகப் பேக்கன் வாங்கினார்.

பேக்கன் சிவந்து மொறுமொறுத்து வந்ததும் எடுத்துக் காகிதத்தில் வைத்தார். ஒன்றை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார், சமையல்காரன் ருசி பார்ப்பது பாவத்தில் சேராது. கொழுப்பு சட்டியில் தங்கமாக நின்றது. இனி மைதா வேண்டும். மைதா எங்கே? கப்பலில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார், எல்லா டின்னிலும் எழுதி ஒட்டியிருக்கும். இங்கே மெற்றில்டாவின் டப்பாக்கள் எல்லாமே பொய் பேசின. ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீரகம். பிஸ்கட் டின்னில் வற்றல் மிளகாய். காபித்தூள் என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் உளுந்து. காபித்தூளோ சர்க்கரை நோய்க்காரர்களுக்கான ஏதோ மாவு டப்பாவுக்குள் இருந்தது. இந்த வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லையே, அந்த டப்பா எப்படி வந்தது என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். தனக்குத் தெரியாமல் இந்த அடுக்களைக்கு ஒரு முழுச் சரித்திரம் இருக்கிறது. குனிந்து அடித்தட்டைத் திறந்தார். முன்வரிசையில் சின்னச் சின்ன ஏனங்கள். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கிற குட்டிப் பானை, அடி கறுத்து, காது தேய்ந்து. உள்ளங்கை அகலத்துக்கு, வறுக்க ஒரு சீனிச்சட்டி. நாலே குழி உள்ள இட்லித் தட்டு. பெரிய பானைகள் பின்னால், கல்யாணத்துக்கு வந்த பளபளப்போடு. மகள் ஜெனிட்டா படிக்க வெளியூர் போய், பெங்களூரிலேயே வேலையும் ஆகி, எட்டு வருஷம் ஆகிறது. எட்டு வருஷமாக இந்தக் குட்டிப் பானை. அவர் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார், எடையே இல்லை. நடுக்கடலில் இருபது கிலோ அரிசி வடிக்கும்போது, இங்கே இதில் ஒரு கைப்பிடி அரிசி கொதித்துக்கொண்டு இருந்திருக்கிறது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாளா, நின்றுகொண்டே சாப்பிட்டாளா? போனில் சாப்டியா என்று கேட்டால் சாப்ட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டாய் என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு சமையல்காரன், இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்தார், முழங்கால் சொடக்கு விட்டது. மக்ரோனியைத் தண்ணீரில் கொட்டினார். மைதா, பார்த்தால், மைதா என்று எழுதிய டப்பாவிலேயே இருந்தது. அதை மட்டும் அவர் திறந்து பார்க்காமல் விட்டிருந்தார்.

கொழுப்போடு வெண்ணெயைச் சேர்த்து, மைதாவைப் போட்டு வாசனை வரும்வரை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும். இந்த இடத்தில்தான் கை நிற்கக் கூடாது. நின்றால் கட்டி தட்டிவிடும். கம்பிக் கலக்கி இல்லாததால் மோர் கடையும் மத்தை எடுத்துக்கொண்டார், அது பிரமாதமாக வேலை செய்தது, இத்தனை வருஷம் கப்பலில் இது இல்லாமல் போயிற்றே என்று தோன்றியது. பால் கெட்டிப்படத் தொடங்கிய அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது. பம்பாய் எண். கப்பல்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது. மேடையில் கிடந்து போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்தை நோக்கி நகர்ந்தது, இந்த அடுக்களையில் ஆடுகிற ஒரே பொருள் அதுதான். எடு, என்றது ஒரு மனசு, சரி என்று சொல், ஒன்பது மாசம் அவள் நிம்மதியாக மூச்சு விடட்டும். எடுத்தால் பால் அடிப்பிடிக்கும், என்றது கை. கைதான் எப்போதும் அவருக்குப் புத்தி. கை கலக்கியது. போன் அடித்தது. கை கலக்கியது. அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் காத்திருக்கிறார், பாவம், நல்ல மனுஷன், கொரோனா சமயத்தில் ஊருக்கு விமானம் பிடித்துக்கொடுத்தவர். கை கலக்கியது. பாலும் மாவும் சாந்தாகி, அந்தச் சாந்து ஒரு கரண்டியின் முதுகில் படிந்து நிற்கிற பதம் வந்தபோது போன் ஓய்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் போனைப் பார்க்கவில்லை, சாந்தைப் பார்த்தார். ஒரு கட்டிகூட இல்லை. காரட் துருவியில் துருவி வைத்த டப்பா சீஸ் அத்தனையும் உள்ளே போட்டார், மிளகு தட்டிப் போட்டார், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. எனக்குப் போக இஷ்டம் இல்லை போலிருக்கிறது, என்று அவருக்கு ஒரு செய்தியைப்போல, வேறு யாரையோ பற்றிய செய்தியைப்போலத் தோன்றியது.

வெந்த மக்ரோனியையும் நொறுக்கிய பேக்கனையும் சாந்தில் புரட்டி, கொட்ட ஏனம் தேடி, கடைசியில் கேக் டின்னை எடுத்தார். அவள் ஒவ்வொரு டிசம்பரும் கேக் போடுகிற டின். அந்தக் கேக்கை அவர் சூடாகத் தின்றதே இல்லை, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும்போது ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பாள், கல்லாகியிருக்கும், அமிர்தம் என்று சொல்லித் தின்பார். மேலே ரொட்டித் தூளைத் தூவி, ஜெனிட்டா வாங்கிக்கொடுத்து உறை போட்டு மூடிக் கிடந்த ஓவனுக்குள் தள்ளினார். இருபது நிமிஷம். இனி செய்ய ஒன்றுமில்லை. சமையலில் அவருக்குப் பயமான நேரம் இதுதான். மேடையைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். இது பிடிக்காமல் போனால்? அவளுக்குப் பாலும் உப்பும் சேர்ந்தால் பிடிக்குமா பிடிக்காதா என்பதுகூடத் தெரியாது. மாத்தேவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். ஓரங்களில் சீஸ் குமிழி விட்டு, மேலே பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பிடிக்கும். பிடிக்காமல் எப்படிப் போகும், இது பிடிக்காதவர்கள் உண்டா. பிடிக்கவில்லையென்றால் முழு டின்னும் எனக்கு. அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

மெற்றில்டா பத்தரைக்கே வந்துவிட்டாள். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம், கீழே தெருவரைக்கும் மணக்கிறது, எதிர்வீட்டுக்காரி உங்க வீட்டுல என்ன விசேஷம் என்று கேட்டாளாம், எனக்கே தெரியாதே என்று சொன்னேன் என்றாள். சொல்லிக்கொண்டே அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நிலையில் ஒரு கையை ஊன்றி, சுங்க அதிகாரி கப்பலுக்குள் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திறந்து கிடந்த டப்பாக்கள், சாந்து அப்பிய மத்து, கழுவும் தொட்டியில் மலையாகக் கிடந்த ஏனங்கள். தஸ்நேவிஸ் கால்களை அகட்டி நின்றுகொண்டார். அவள் கை கழுவிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தாள், விருந்து வீட்டில் உட்காருவதுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டு. அவர் பரிமாறினார். அவள் கரண்டியைத் தூக்கியபோது சீஸ் நூல் நூலாக நீண்டது, தலையைப் பின்னால் சாய்த்து அதை வாயில் பிடித்தாள். ஒரு பேக்கன் துண்டைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பன்றிக்கறி இப்படிக்கூட இருக்குமா என்று கேட்டாள், அது கேள்வி இல்லை. அவர் அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியானதும் அவளே கையை நீட்டி, டின்னின் ஓரத்தில் கருகலாய் ஒட்டியிருந்த மொறுமொறுப்பைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். எங்கே ருசி இருக்கிறது என்று தெரிந்த ஆள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. சொல்லக் கூடாது என்று நாலு நாள் பூட்டி வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"புதன்கிழம மாடியில ஜெசிந்தாகிட்ட நீ பேசினத நான் கேட்டுட்டேன் மெற்றி."

கரண்டி பாதியில் நின்றது. அவள் மழுப்பவில்லை. முகம் சிவந்தது, அவ்வளவுதான்.

"ஆமா, சொன்னேன். முட்டத்தான் செய்யுது. நான் அரிசி களைஞ்சாலும் பின்னால நிக்கிய, துணி மடக்கினாலும் பின்னால நிக்கிய. ஒண்ணு உக்காரணும், இல்ல எதாவது செய்யணும். வீட்டுல ஒரு விருந்தாளி நாலு மாசம் நின்னுக்கிட்டே இருந்தா எப்படிங்க?"

"நீதான அடுக்களையில எதையும் தொட விடமாட்ட."

"வந்திருக்க ரெண்டு மாசமாவது இந்த மனுஷன் கரண்டியத் தொடக் கூடாதுன்னு நெனச்சேன். இருபத்தாறு வருஷமா அப்படியே நெனச்சுப் பழகிட்டு." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இப்படி ஒண்ணு செய்யத் தெரியும்னு நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

அவர் பம்பாய்க்காரர் விஷயத்தைச் சொன்னார். வியாழக்கிழமையிலிருந்து சொல்லாமல் இருந்ததையும், இன்றைக்குப் போன் வந்ததையும், பால் கெட்டிப்படுகிற நேரம் என்பதால் எடுக்காமல் விட்டதையும். பாலுக்காகவா, என்று அவள் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள், சந்தேகப்பட வழியே இல்லாத சிரிப்பு, கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. பிறகு துடைத்துக்கொண்டு, போகணும்னு இருக்கா என்று தணிந்து கேட்டாள். அவர் இல்லை என்றார். அது அவ்வளவு வேகமாக வந்தது அவருக்கே ஆச்சரியம். அப்போ அந்த ஆளுகிட்டச் சொல்லிருங்க, பாவம், லீவு நாள்ல காத்துக் கெடக்கான், என்றாள். அவர் கூடத்துக்குப் போய்ப் போன் பண்ணினார். இந்தியில் மூன்று வாக்கியம், மன்னிப்பு ஒன்று, வாழ்த்து ஒன்று. பேசி முடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவள் திட்டம் எல்லாம் போட்டு முடித்திருந்தாள். காலை அடுக்களை அவளுடையது, அந்த நேரத்தில் அவர் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. சாயங்காலம் அவருடையது, அப்போது அவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். டப்பா எதையும் இடம் மாற்றக் கூடாது. காபித்தூள் டப்பாவில் உளுந்து இருந்தால் உளுந்து அங்கேதான் இருக்கும். மத்தை இனி மோருக்கு வைத்துக்கொள்ள முடியாது, அது அவரே வைத்துக்கொள்ளலாம், அவள் புதிது வாங்கிக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார்.

அவள் விரலை நக்கிவிட்டு எழுந்தாள், தட்டோடு இரண்டடி போனவள் திரும்பினாள்.

"ராத்திரிக்கு என்ன வைக்கிய?"

கப்பலில் தினமும், ஏதாவது ஒரு தலை கதவிடுக்கில் எட்டிப் பார்த்து இதைக் கேட்டுவிட்டுப் போகும், ஏழு பாஷையில். ஒருநாளும் அவர் பதில் இல்லாமல் நின்றதில்லை. இப்போது பத்துப் பதில் ஒன்றையொன்று முட்டின. ரசம் வைக்கவா, மீன் பொரிக்கவா, அந்தக் கிரேக்கன் கேட்பானே கத்திரிக்காய் அடுக்கு, அதுவா, ஆப்பம் சுடத் தெரியுமா தனக்கு, அவளுக்கு ஆப்பம் பிடிக்குமா. பொறு, யோசிக்கணும், என்றார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார். டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்ல பசி.